அன்று அலைவரிசையை அடைத்தது யார்

டோவர், கரியாக்குத் தீவு
புதன்கிழமை காலை

என் செல்ல மகள் ஜெமெலுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே வீடும் கூரையும் நிற்கின்றன, அடுப்பு எரிகிறது, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் ஆறி வருகிறது. அந்தக் குளிர் ஊரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கிவிட்டேன், அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல. அங்கே ஹடர்ஸ்ஃபீல்டில் நம் தீவு ஆட்கள் ஒன்றைப் பத்தாக்கிப் பேசுகிறார்கள் என்று தெரிகிறது. ஜெமெல் கடலில் காணாமல் போய்விட்டாள் என்று யாரோ ஒருத்தி உன்னிடமே துக்கம் விசாரித்தாளாமே! படகுக்கு உன் பெயரை வைத்தது அப்பா செய்த வேலை, நான் அப்போதே வேண்டாம் என்றேன். கான்ராட் மாமாவின் மருமகள் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதையும் ஜாதிக்காய் ஜாமையும் கொடுத்தனுப்புகிறேன். ஜாமைக் குளிர்பெட்டியில் வை. இதைத் தனியாக உட்கார்ந்து படி, மாப்பிள்ளைக்குக்கூடப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

உன் தம்பி கிம்ரான் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கூட்டாளி டெவினைக் கூட்டிக்கொண்டு மீனுக்குப் போனான். போகும்போதே வாசலில் சண்டை. எஞ்சின் இருமுகிறது, கழற்றிச் சுத்தம் பண்ணாமல் எடுக்காதே என்று அப்பா சொன்னார். "ஒங்களுக்குக் கண்ணுல கட்டு போட்டதும் காது ரொம்ப நல்லாக் கேக்குது போல"ன்னு இவன் சிரித்தான். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "போடா, போ, நடுக்கடல்ல அது நிக்கும்போது என்னைக் கூப்பிடாத"ன்னு சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். இவனுடைய கைபேசி போன வாரமே தண்ணீரில் விழுந்து செத்துப் போயிருந்ததால் அப்பாவின் கைபேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். அதை நினைவில் வைத்துக்கொள், அதனால்தான் இத்தனையும். மதியம் சோளக்களியும் சங்குக் கறியும் செய்து மூடி வைத்தேன். சாயங்காலமும் அது மூடியபடியே இருந்தது. கரையிலிருந்து போன படகுகள் எல்லாம் திரும்பிவிட்டன, ஜெமெல் மட்டும் வரவில்லை. அந்த இரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, நீயும் கேட்காதே.

சனிக்கிழமை வெளிச்சம் வந்ததும் நான் ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பெரிய புயலில் போன் கோபுரம் சாய்ந்து ஊரே ஊமையாகக் கிடந்த பிறகுதான் நான் தலைநகர் போய்ப் பரீட்சை எழுதி இதற்கு உரிமம் வாங்கினேன், உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அப்பாவுக்கு அது என் இரண்டாம் புருஷன். "ஓம் ரெண்டாம் புருஷன் கரகரங்கிறான், போய் என்னன்னு கேளு"ன்னு தினமும் ஒரு குத்தல். எங்கள் தீவுகளின் ரேடியோக்காரர்கள் காலையில் ஒரே அலைவரிசையில் கூடுவோம், கடலில் போகும் வெள்ளைக்காரர்களின் பாய்ப்படகுகளும் அதில் சேர்ந்துகொள்ளும். நான் படகின் நிறத்தைச் சொன்னேன், மஞ்சள், ஓரத்தில் பச்சை. பெயர் ஜெமெல், இரண்டு பேர், எஞ்சின் நின்று மேற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று சொன்னேன். மகன் என்று சொல்லவில்லை. சொன்னால் குரல் உடைந்துவிடும், உடைந்த குரல் தூரத்தில் புரியாது. மேற்கே போய்க்கொண்டிருந்த படகுகள் சில, நாள் முழுக்க இதே அலைவரிசையில் காது வைத்திருக்கிறோம், கண்ணில் பட்டால் சொல்கிறோம் என்றன.

பிறகு நான் ஹில்ஸ்பரோ டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. தேடப் போகும் படகுகள், கடலோரக் காவல்காரர்கள், எல்லோரும் துறைமுகத்து மீனவர் கூடத்தில்தான் கூடினார்கள். கான்ராட் மாமாதான் அங்கே எல்லாவற்றுக்கும் தலை. என்னுடைய சின்னக் கைப்பெட்டி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்பா தானும் ஒரு படகில் போகிறேன் என்று நின்றார். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும் என்று டாக்டர் சொன்னது நினைவில்லையா என்று நான் கத்தினேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷன் கட்டிய படகுகள் இந்தக் கடலில் எத்தனை ஓடுகின்றன, அவரைப் போய் வீட்டில் உட்கார் என்றது எனக்கே வலித்தது. அதனால் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டு ரேடியோவுக்குத்தான் பெரிய ஏரியல், அதில் தூரத்துக் குரல் நன்றாகக் கேட்கும், நீங்கள் இங்கே இருந்து கேளுங்கள், எதையும் தொட வேண்டாம், ஏதாவது கேட்டால் பக்கத்து வீட்டு டெஸ்ரீனிடம் ஓடிச் சொல்லுங்கள், அவள் எனக்குப் போன் செய்வாள் என்றேன். தலையை ஆட்டினார்.

காலை முழுக்கக் கூடத்தில் என் பெட்டி நன்றாகவே வேலை செய்தது. செயின்ட் வின்சென்டிலிருந்து ஒருவர், கிரெனடாவிலிருந்து ஒருவர் என்று மாறி மாறிக் கூப்பிட்டார்கள், ஒன்றும் தென்படவில்லை என்றார்கள். வெயில் உச்சிக்கு ஏறியபோது திடீரென்று என் பெட்டியில் ஒரு பேரிரைச்சல் எழுந்தது. தகரக் கூரைமேல் மழை கொட்டுவதுபோல் ஓயாமல் கொட்டியது. சத்தத்தைக் காட்டும் முள் கடைசிவரை போய் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை, பதில் வந்திருந்தாலும் கேட்டிருக்காது. கொஞ்ச நேரத்தில் ரேடியோக்காரர்களின் போன் குழுவில் செய்தி மேல் செய்தி. எவனோ மைக் மேல் படுத்துத் தூங்கிவிட்டான் என்றார் செயின்ட் வின்சென்ட்காரர். எவனோ குடித்துவிட்டு உளறுகிறான் போலிருக்கிறது, பேச்சு கேட்கிறது, மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை என்றார் இன்னொருவர். கான்ராட் மாமா மேசையைக் குத்தினார். "ரெண்டு உசுரு அங்க கெடக்குது, எந்தப் பேமானி இங்க கச்சேரி வைக்கிறான்? கையில கெடச்சா அவன் ஏரியலப் பிடுங்கி அவன் கழுத்துலயே சுத்துறேன்!" வேறு அலைவரிசைக்கு மாறலாமே என்று நீ கேட்பாய். கரையில் இருக்கும் எங்களுக்கு அது சுலபம், போனில் சொல்லிக்கொள்ளலாம். கடலில் காது வைத்திருக்கும் படகுகளுக்கு யார் சொல்வது? அவர்களுக்குத் தெரிந்தது இந்த ஒரு இடம்தான். இதை விட்டுப் போனால் அவர்களை விட்டுப் போனதுபோல். வெளியே பெண்கள் வந்து கூட ஆரம்பித்துவிட்டார்கள். டெவினின் அம்மா ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முன்னோர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்துக் கேட்டுவிடலாமா என்று யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளைக்கு இப்போதே தட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

என் குரலாவது அந்த இரைச்சலைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்கத் தோன்றியது. திரினிடாட்டில் ஒரு வாத்தியார் தன் வீட்டு மாடியில் ஏரியல் கட்டி, அந்த ரிசீவரை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார் என்று உனக்கு ஒருமுறை சொன்னேனே. அந்தப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து வேண்டிய எண்ணை வைத்தால், அவர் மாடியில் என்ன கேட்கிறதோ அதை நாம் இங்கே இருந்தபடி கேட்கலாம். நான் தினமும் காலையில் வீட்டு ரேடியோவில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இதைக் காதில் வைத்துக்கொள்வேன், ஒரு மூச்சு பிந்தி என் குரலே எனக்குத் திரும்பி வரும். நம் பெட்டியில் இருக்கும் முள் எல்லாம் சரி என்றுதான் காட்டும், நம் குரல் அடுத்தவன் காதில் எப்படி விழுகிறது என்பதை அது சொல்லாது, இதுதான் சொல்லும். அந்த வாரம் என் குரல் அங்கே மெலிந்து கேட்டதால் வீட்டு மைக்கின் பிடிப்பை நன்றாக ஏற்றி வைத்திருந்தேன், அடுப்படியில் கரண்டி விழுந்தாலும் அதில் கேட்கும் அளவுக்கு.

கூடத்து மூலைக்குப் போய்க் கைபேசியை ஒரு காதில் அழுத்தி, மறு கையில் மைக்கைப் பிடித்து, கரியாக்கு கூப்பிடுகிறேன் என்றேன். காத்திருந்தேன். திரையில் ஒவ்வொரு குரலும் ஒரு கோடாக ஓடும், என் கோட்டைக் காணவில்லை, அந்த இடம் முழுக்கப் பளீரென்று ஒரே பட்டையாக இருந்தது. காதில் இரைச்சல். ஆனால் இங்கே என் பெட்டியில் கேட்டதுபோல் இல்லை. பக்கத்தில் நின்று ஒருவன் காதுக்குள் கத்தினால் என்ன சொல்கிறான் என்றே புரியாது, தள்ளி நின்று கத்தினால் புரியும், அதுபோல அங்கே அது தெளிந்திருந்தது. மின்விசிறிதான். சுற்றும்போதெல்லாம் டக் டக்கென்று ஒரு தட்டல். ஒரு சேவல் கூவியது. அந்தத் தட்டலை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் தொண்டையைச் செருமினான். ஜெமெல், முப்பது வருஷமாக அந்தச் செருமலுக்குப் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேன். அப்படியே மீன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"டேய் கிம்ரான், அப்பாதான்டா. தண்ணி இருக்காடா? இருந்தா ஒரேயடியாக் குடிச்சிராத, வாயை நனைச்சு நனைச்சு வச்சுக்க. டெவின் பயலுக்கும் குடு, அவன் கேக்க மாட்டான், வெக்கப்படுவான், நீயாக் குடு. நங்கூரக் கயித்துல வாளியக் கட்டி முன்பக்கமா எறி, படகு அலைக்கு முகம் குடுத்து நிக்கும், குறுக்க மட்டும் திரும்ப விட்றாத. எஞ்சின் போனாப் போவுது, அது இரும்பு. நா கோவமா இல்லடா. கேக்குதா? கோவமா இல்ல." கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும். பிறகு மறுபடியும். "ஒங்கம்மா இந்தப் பொட்டியில திரினிடாட்காரன்கிட்டல்லாம் பேசறா. நீ அதைவிடக் கிட்டத்துலதான இருப்ப. ஒனக்குக் கேக்காமப் போவுமா. தலையில சட்டைய நனைச்சுப் போட்டுக்கடா, வெயில் ஏறுது. ஒங்கக்கா போனப்பவே இந்த வீடு பாதியாச்சு. நீயும் போயிட்டா நா யாருக்குடா படகு கட்டுவேன்?" உனக்கு இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், அவர் உன் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லமாட்டார் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை, தினமும் என்னைப் பார்க்கிறவர்தான். ஆனால் விடவில்லை. நான் அழுதிருப்பேன், அதற்கும் நேரம் கிடைக்கவில்லை. அவர் மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில், மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், நூல்போல இன்னொரு குரல் கேட்டது. ஒரு பெண். வெளிநாட்டுப் பேச்சு. கரியாக்கு என்ற பெயரும் இரண்டு பேர் என்ற வார்த்தையும் காதில் விழுந்தன, அதற்குள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார், குரல் மூழ்கிப் போயிற்று. இரண்டு பேர் என்றால் உயிரோடு இரண்டு பேரா, இல்லை என்றால் என்ன? கேட்டவள் நான் ஒருத்தி. டெவினின் அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், நான் குனிந்துகொண்டேன்.

கான்ராட் மாமாவின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினேன், யார் என்று தெரிந்துவிட்டது, என் வீட்டுக்காரர்தான் என்றேன். ஏரியலைப் பிடுங்கிக் கழுத்தில் சுற்றுகிறேன் என்ற மனுஷன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். டெஸ்ரீனைக் கூப்பிட்டேன். அடித்தது, அடித்தது, எடுக்கவே இல்லை. மறுபடியும் அடித்தேன். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாளாம், ஆடி அசைந்து வந்து எடுத்து, "என்ன வெர்லின், பசங்க வந்துட்டாங்களா"ன்னு கேட்டாள். என் வீட்டுக்கு ஓடு, அவர் பேசுவது திரினிடாட் வரைக்கும் கேட்கிறது, கடலிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், கையிலிருக்கும் மைக்கை விடச் சொல், வேறெதுவும் கேட்காதே, ஓடு என்றேன். அதன் பிறகு நடந்ததை எல்லாம் நான் திரினிடாட் வழியாகத்தான் கேட்டேன் ஜெமெல், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் சொந்த வீட்டு வாசல் சண்டையை இன்னொரு தேசத்து மாடி வழியாக. கான்ராட் மாமா என் கைபேசியைச் சத்தமாக வைக்கச் சொன்னார், கூடமே சுற்றி நின்றது.

முதலில் கதவை இடிக்கும் சத்தம். "அண்ணே! ஆல்வின் அண்ணே! கதவத் தெறங்க!" அப்பாவின் குரல், "நா வேலையா இருக்கேன் டெஸ்ரீன், அப்புறம் வா." "ஒங்க வேலைய ஒலகமே கேக்குது! மைக்க விடுங்களாம், வெர்லின் சொல்றா!" "வெர்லின் டவுன்ல இருக்கா. அவளுக்கு எப்படித் தெரியும்?" "ஐயோ, திரினிடாட்ல கேக்குதாம் நீங்க பேசறது!" இங்கே நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறோம். உன் அப்பா சொல்கிறார், "திரினிடாட்ல கேக்குதா? அப்பக் கிம்ரானுக்கும் கேக்கும். நீ போ, போ." யாரோ பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் கனைத்தார்கள், நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன். அதற்குள் அடுப்படிப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம். டெஸ்ரீன் ஜன்னல் வழியாக ஏறியிருக்கிறாள், அந்த உடம்போடு, அவளுக்கு நான் சாகும்வரை கடன்பட்டிருக்கிறேன். இப்போது அவள் குரல் மைக்குக்குப் பக்கத்திலேயே கேட்டது. "அண்ணே, கேளுங்க. நீங்க பேசறது போவுது. ஆனா நீங்க விட்டாத்தான் அவங்க பேச முடியும். கடல்லேர்ந்து யாரோ கூப்பிடுறாங்க. நீங்க அழுத்திக்கிட்டே இருந்தா அவங்க எப்படிப் பேசுவாங்க?" மின்விசிறி டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அப்பா, குரலே இல்லாத குரலில், "விட்டா... அவன் போயிர மாட்டானே?" என்றார்.

அதற்குள் டெஸ்ரீன் மைக்கைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. "என்னது இது, கயித்தப் போட்டுக் கட்டி வச்சிருக்கீங்க"ன்னு கேட்டாள். கை வலித்ததால் பொத்தானோடு சேர்த்து மைக்கைக் கப்பல் கயிற்றால் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கிறார், அவர் முடிச்சைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா. "கத்தி அந்தப் பலகையில இருக்கு"ன்னு அவரே சொன்னார். ஒரு உரசல் சத்தம், அவ்வளவுதான், எல்லாம் நின்றது. இங்கே என் பெட்டியின் முள் தொப்பென்று கீழே விழுந்தது. அத்தனை இரைச்சலுக்குப் பிறகு அந்த அமைதியில் வெளியே படகுக் கயிறுகள் உராய்வதுகூடக் கேட்டது. நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். கான்ராட் மாமா என் தோளில் கை வைத்து, "கூப்பிடும்மா" என்றார். கரியாக்கு கேட்கிறது, யார் இருக்கிறீர்கள், பேசுங்கள் என்றேன். பொத்தானை விட்டேன்.

அந்தப் பெண்தான் பேசினாள். டச்சுக்காரி, கணவனும் அவளுமாகப் பாய்ப்படகில் மேற்கே போனவர்கள், காலையில் நான் பேசியதைக் கேட்டவர்கள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கரியாக்கு, உங்கள் ஆட்கள் இரண்டு பேர் எங்களிடம் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. சூப் குடித்தார்கள். படகை இழுத்து வர முடியவில்லை, விட்டுவிட்டோம், மன்னிக்கவும்." கூடத்தில் எழுந்த கூச்சலில் அடுத்தது எனக்குக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்லுங்கள் என்றேன். "நாங்கள் வெகுநேரமாக உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மனிதர் நிறுத்தவே இல்லை" என்றாள். கொஞ்சம் நின்று, "தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்" என்றாள். டெவினின் அம்மா என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், அவளுடைய தலை கனத்தது, அந்தக் கனம் நன்றாக இருந்தது. நான் கிம்ரானிடம் மைக்கைக் கொடுக்கச் சொன்னேன். "அம்மா, கேக்குதா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. வீட்டில் டெஸ்ரீனும் அப்பாவும் பெட்டி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். அப்பா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாராம், பிறகு வெளியே போய்ச் சேவலைத் துரத்தினாராம், என்ன செய்வதென்று தெரியாமல்.

நம் மீனவர்கள் எதிரே போய் அவர்களை மாற்றி ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கரை சேர்த்தார்கள். அப்பா கண்ணில் மூடியோடு துறைமுகத்தில் முதல் ஆளாக நின்றார். கிம்ரான் இறங்கி வந்தான், உதடெல்லாம் வெடித்து, கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு. "சாப்ட்டியா"ன்னு கேட்டார் அப்பா. "ம்" என்றான் இவன். அவ்வளவுதான், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார்கள். ஊரில் இப்போது அவருக்கு ரேடியோ ஆல்வின் என்று பெயர். ரம் கடையில் நுழைந்தால் "அண்ணே, இன்னைக்கு என்ன நிகழ்ச்சி, கடலோடி நேரமா"ன்னு கேட்கிறார்களாம், திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. நானும் திட்டவில்லை. ஏன் அப்படிக் கட்டி வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். "கைய எடுத்தா அவன் போயிருவான்னு தோணிச்சு"ன்னு சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போய்விட்டார். இரண்டாம் புருஷன் பேச்சை இப்போதெல்லாம் எடுப்பதில்லை, அதுவே எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இனி உனக்கு மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை கிம்ரானின் மணிக்கட்டுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன், அப்பா வெளியே இருந்தார். அவன் கட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான். டச்சுக்காரர்கள் இவர்களைத் தூக்கி ஏற்றிய பிறகுதான் அப்பாவின் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. அந்தப் படகில் ரேடியோ உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை விடாமல் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அந்தப் பெண் மைக்கை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டும் ஒன்றும் போகவில்லை. "நா அவருக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேம்மா"ன்னு சொன்னான். "தண்ணி இருக்காடான்னாரு, இருக்குப்பான்னேன். டெவினுக்குக் குடுன்னாரு, குடுத்தாச்சுப்பான்னேன். கோவமா இல்லன்னாரு... அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. டெவின் பய என்னைப் பாக்காம திரும்பிக்கிட்டான். அந்த வெள்ளைக்காரர் பாயைச் சரி பண்ற மாதிரி எழுந்து போயிட்டாரு." அப்பாவிடம் சொல்லடா என்றேன். வேண்டாம், எனக்குக் கேட்டது தெரிந்தால் வெட்கத்தில் என் முகத்தையே பார்க்க மாட்டார், நீயும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டான். கொடுத்துவிட்டேன்.

நேற்று அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தானாகவே பேசினார், அது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். "தீவு தீவா எல்லாப் பயலும் கேட்டுச் சிரிச்சாச்சு, வெர்லின். சிரிக்கட்டும். எவனுக்காகப் பேசினேனோ அவன் காதுல ஒரு வார்த்தையும் விழல, அதான்." வாக்குக் கொடுத்தவள் என்ன செய்ய முடியும், ஒரே போர்வையை நான்கு தரம் பிரித்து மடித்தேன். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார்கள், நடுவில் நான்.

குழந்தைக்குக் காது குத்திய இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவு. வேலைக்குப் போகும்போது சாப்பிடாமல் ஓடாதே, உன் குரலே சொல்கிறது நீ மெலிந்திருக்கிறாய் என்று. நம்மைக் காத்த ஆண்டவர் உன் வாசலிலும் காவல் நிற்கட்டும், உன் கைவேலை தழைக்கட்டும், மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நானும் கிம்ரானும் கோயிலுக்குப் போய்விடுவோம், கண்ணைக் காரணம் சொல்லி அப்பா வீட்டில் தனியாக இருப்பார், என் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். அந்த நேரம் பார்த்து அவரைக் கூப்பிடு. உன் தம்பி வாக்கு வாங்கியது என்னிடம்தான். உன்னிடம் யாரும் வாங்கவில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா வெர்லின்